மழைக்கு முன் சேர்க்கும் விறகு: கவிதைத் தொகுப்புகளில் இன்பமும் ஆறுதலும் காண ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரி மலையில் எங்கள் ஊரான கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் நான்கைந்து நாள் விடாது. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டும் மழை, எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் முழுதாக வந்து சேரும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் விறகை வெட்டி அடுக்கித் தார்ப்பாய் போர்த்திவிடுவோம். மழை தொடங்கியபின் கொண்டுவந்த விறகு கண்ணைக் கரிக்கப் புகையுமே தவிர, எரியாது.

கவிதைத் தொகுப்புகளுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும் என்பதை மலைக்குக் கீழே, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை நடைவழியில் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. ஆறுதலாக இருக்கட்டும் என்று புதிதாக வாங்கிய ஐந்நூறு பக்கத் தொகுப்பு ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். இரவு முழுவதும் ஒரே பக்கம் மடியில் திறந்து கிடந்தது. ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. இரண்டு மணி இருக்கும். எப்போதோ வாய்விட்டுப் படித்துப் பழகிய நான்கடிப் பாட்டு ஒன்று தானாக வந்தது. நள்ளிரவு ஆகிவிட்டது, மனிதர்கள் பேச்சடங்கித் தூங்கிவிட்டார்கள், உலகமும் தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை என்று சொல்லும் குறுந்தொகையின் 6ஆம் பாட்டு. அது காதலனுக்காகக் காத்திருக்கும் பெண் பேசுவது. மருத்துவமனைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அந்த இரவைக் கடக்க அது துணைக்கு இருந்தது.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறேழு பேர் கூடிப் படிக்கிறோம். தேநீரும் வர்க்கியும் இருக்கும்; ஆளுக்கொரு புத்தகம் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மா, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் வந்து போயிருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதே நான்கைந்து இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நான் அமைத்துக்கொண்ட வரிசை இது. முதலில் இன்பம், பிறகு பழக்கம், அதற்குப் பிறகே ஆறுதல்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு தொகுப்பு நூல், கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, நாளுக்குப் பதினைந்து நிமிடம், கூச்சமில்லாமல் குரல் விட்டுப் படிக்க ஓர் இடம். இவ்வளவு போதும். இலக்கணம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இடம்தான் பலருக்கும் சிக்கல். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், பிள்ளைகள் இருப்பார்கள். எங்களோடு படிக்கும் ஒருவர் மாலையில் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். இன்னொருவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கே என்பதைவிட, நாள்தோறும் அதே இடம், அதே நேரம் என்பது முக்கியம். இடம் பழகிவிட்டால் உட்கார்ந்த உடனே மனம் தணியும். அதற்காகத் தனியே முயல வேண்டியதில்லை.

பஸ்ஸில் படிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் குமட்டல்தான் வரும். பழகிய பாட்டைக் கண்ணை மூடி மனத்துக்குள் சொல்லிப் பார்க்க பஸ் நல்ல இடம். அது ஆறாவது படியில் வரும்.

குறி என்ன? மூன்று மாதத்தில் உங்களுக்கே உங்களுக்கென்று பத்துக் கவிதைகள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தால் பதின்மூன்று வரும். இரண்டு மூன்று தானாக உதிரும். மீதி நிற்கும்.

1. சரியான தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம் விலகிப் போயிருக்கிறார்கள். "கவிதை எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்கு ஒத்துவராதது கையில் இருந்த பதிப்பு.

ஒரே கவிஞரின் முழுத் தொகுதியை விட்டுவிட்டுப் பலர் பாடியதைத் திரட்டிய நூலை எடுங்கள். ஒரு கவிஞரின் குரல் உங்கள் செவிக்கு ஒட்டாவிட்டால் முழுப் புத்தகமும் பாரமாகிவிடும். தொகுப்பில் அடுத்த பக்கம் புரட்டினால் வேறொருவர் பேசுவார். தமிழருக்கு இது புதிதும் அல்ல. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு எல்லாமே பலர் பாடியதை யாரோ ஒருவர் அமர்ந்து சேர்த்த தொகைகள்தாம்.

வாங்குமுன் அல்லது நூலகத்தில் எடுக்குமுன் நூலை இப்படிச் சோதியுங்கள்.

முதலில் கனம். ஒரு கையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை வலித்தால் வேண்டாம். படுத்துக்கொண்டு, சாய்ந்துகொண்டு படிக்க முடியாத நூல் அலமாரியில் அழகாக நிற்கும், உங்களோடு வராது.

பிறகு பக்க அமைப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு கவிதை, சுற்றிலும் வெள்ளை இடம் என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நெருக்கி அச்சிட்ட நூலில் கண் தானாக அடுத்த கவிதைக்கு ஓடிவிடும். முடிந்த கவிதை மனத்தில் படிய ஒரு நொடி வேண்டும். வெள்ளை இடம் அந்த நொடியைத் தரும்.

பழம்பாடல் தொகுப்பு என்றால் உரையின் வகையைப் பாருங்கள். பதவுரை சொல் சொல்லாகப் பொருள் தரும். பொழிப்புரை பாட்டின் கருத்தைத் திரட்டித் தரும். தெளிவுரை இன்றைய நடையில் எளிதாகச் சொல்லும். தொடங்குபவருக்குத் தெளிவுரை வேண்டும், அதுவும் பாட்டு இருக்கும் அதே பக்கத்தில். நூலின் கடைசியில் உரையை வைத்த பதிப்பில் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டுவதிலேயே பாட்டு கலைந்துவிடும்.

மூலத்தைச் சந்தி பிரித்தும் பிரிக்காமலும் இரண்டு விதமாகத் தரும் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். பிரித்தது பொருளுக்கு, பிரிக்காதது ஓசைக்கு. சொற்களைப் பிரித்து எழுதும்போது சில இடங்களில் ஓசை முறிந்துவிடும். பிரித்ததை மட்டுமே படித்தவர்கள் "உரைநடை போலத்தானே இருக்கிறது" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குரல் விட்டுப் படித்துக் காட்டிய பிறகு அந்தக் கேள்வி எழுந்ததில்லை.

கடைசியாகப் பாட்டு முதற்குறிப்பு அகரவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து "அந்தப் பாட்டு எங்கே?" என்று தேடும்போது நினைவில் இருப்பது முதல் சொல் மட்டும்தான்.

எந்தத் தொகையிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றே: அடி குறைந்ததிலிருந்து. ஐங்குறுநூற்றுப் பாடல்கள் மூன்று முதல் ஆறு அடி. குறுந்தொகை நான்கு முதல் எட்டு அடி. அகநானூறு பதின்மூன்றில் தொடங்கி முப்பத்தொன்று வரை போகும். அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழ் மிரட்டினால் இக்காலக் கவிதைத் தொகுப்போ, தனிப்பாடல் திரட்டோ, நாட்டுப்புறப் பாடல் தொகுப்போ எடுங்கள்.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்பைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அப்படி வந்த ஒரு பாட்டி பேத்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி ஒரு தாலாட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் தானே எடுத்து முடித்தார்; அச்சில் இல்லாத இரண்டு வரியையும் சேர்த்துப் பாடினார். அந்த இரண்டு வரியும் இப்போது பேத்தியின் நோட்டில் இருக்கின்றன.

நூல் வாங்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். உதகமண்டலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் உண்டு. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தமிழ் நூல்களை மின்பதிப்பாக இலவசமாகத் தந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க நூல்கள் உரையோடு கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று: கைபேசியில் கண்டுபிடித்த பாட்டைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். திரையில் விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு அடியில் நிற்காது.

2. முன்னுரையைத் தாண்டி நடுவில் திறவுங்கள்

புதியவர்கள் முன்னுரையிலிருந்து தொடங்குகிறார்கள். முப்பது பக்க ஆராய்ச்சி முடிவதற்குள் களைத்துவிடுகிறார்கள். முன்னுரை எழுதியவர் கவிதைகளை எல்லாம் படித்த பின் எழுதியது அது. நீங்களும் படித்த பின் படியுங்கள், அப்போது இனிக்கும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கவும் வேண்டாம். சந்தைக்குப் போனால் முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரை எல்லாவற்றையும் வாங்குவதில்லை. ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து நான்கு வரி பாருங்கள். ஒரு சொல்லாவது இழுத்தால் நில்லுங்கள், இல்லையென்றால் புரட்டுங்கள். முதல் வாரம் முழுவதும் இதை மட்டுமே செய்யலாம். நின்ற பக்கத்தில் பேருந்துச் சீட்டையோ காகிதத் துண்டையோ வையுங்கள்.

பிடிக்காத கவிதை வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். நூறு கவிதை உள்ள தொகுப்பில் பத்துப் பிடித்தால் அது உங்களுக்கு நல்ல தொகுப்பு.

3. வாய்விட்டு, மெதுவாக, மூன்று முறை

நின்ற பக்கங்களில் ஒன்றை எடுத்துக் குரல் விட்டுப் படியுங்கள். செய்தித்தாள் படித்துப் பழகிய கண் வரியை விழுங்கிக்கொண்டு ஓடும். நாக்கு அப்படி ஓட முடியாது. ஒவ்வோர் எழுத்தையும் உச்சரித்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் கவிதைக்குரிய வேகத்தை உங்களுக்குத் தரும்.

முதல் முறை பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் படியுங்கள். இரண்டாம் முறை மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். மூன்றாம் முறை யாரோ ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

மூச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நேரிசை ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர் வரும். கடைசி அடிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று சீர். அந்த ஒரு சீர் குறைவது எதற்கு என்று ஏட்டில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. குரல் விட்டுப் படித்தபோது விளங்கியது. அந்த இடத்தில் காலடியில் ஒரு படி குறைந்தது போலக் குரல் சற்றே தயங்கும். அடுத்து வரும் கடைசி அடி அதனாலேயே முழு எடையோடு இறங்கும். நான் மேலே சொன்ன 6ஆம் பாட்டில் உலகம் தூங்குகிறது என்பது மூன்று சீர் அடி. நான் மட்டும் தூங்கவில்லை என்பது அதற்கு அடுத்த அடி. கண்ணால் படித்தால் இந்தத் தயக்கம் கிடைக்காது.

புதுக்கவிதை என்றால் வரி முறியும் இடத்தில் அரை மூச்சு நில்லுங்கள். கவிஞர் காரணமில்லாமல் அங்கே முறித்திருக்க மாட்டார்.

இங்கே நடக்கும் பிழை அளவு. "இன்று இருபது கவிதை படித்தேன்" என்று மகிழ்ச்சியோடு வருவார்கள். ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் ஒன்றும் நினைவிருக்காது. நாளுக்கு ஒன்று. மிஞ்சினால் இரண்டு.

4. பழைய பாட்டுக்குள் நுழையும் வழி

சங்கப் பாடலை முதல் சொல்லிலிருந்து அகராதி வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இரண்டாவது அடியில் நின்றுபோகிறார்கள். நுழைவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அகப்பாடல் என்றால் முதலில் கூற்றைப் படியுங்கள். யார் யாரிடம் எப்போது பேசியது என்று சிறிய எழுத்தில் இருக்கும்: தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனிடம் சொன்னது என்பது போல. அதைத் தெரிந்துகொண்டால் பாட்டு ஒரு வீட்டின் திண்ணையில் காதில் விழுந்த பேச்சாக மாறிவிடும். தெரியாவிட்டால் பாதிப் பேச்சில் நுழைந்தவர் போல விழிப்பீர்கள்.

இரண்டாவதாக மூலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாவதாக முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். இது நான் மிகவும் நம்பும் வழி. குறுந்தொகையின் 3ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று தொடங்குகிறது. எது? விடை வரவில்லை. மலைச்சாரல் வருகிறது, கரிய கொம்புடைய குறிஞ்சிப் பூ வருகிறது, அதிலிருந்து பெருந்தேன் இழைக்கப்படும் நாடு வருகிறது, அந்த நாட்டுக்காரன் வருகிறான். கடைசிச் சொல்லாக நட்பு வந்து விழுகிறது. எழுவாய் கடைசியில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட நொடியில் நான்கு அடியும் ஒரே வாக்கியமாக நிமிர்ந்து நிற்கும்.

நான்காவதாகத்தான் உரை. ஐந்தாவதாக மறுபடியும் மூலம். பலர் உரையைப் படித்தவுடன் வேலை முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். உரையோடு நின்றால் செய்தி கிடைக்கும், பாட்டு கிடைக்காது.

இந்த மலையில் இருப்பவர்களுக்கு உரை சொல்லாத ஒன்றும் கிடைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பாறையில் தொங்கும் தேனடையைக் கயிறு கட்டி இறங்கி எடுக்கும் குறும்பர்களை அறிந்திருக்கிறோம். அந்தப் பாட்டின் பெருந்தேன் நமக்கு அலங்காரச் சொல் அல்ல. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சி நூறு பாடல்களும் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டவை. அவற்றில் ஒரு பத்து காட்டுப்பன்றிக்கு, ஒரு பத்து குரங்குக்கு, ஒரு பத்து கிளிக்கு, ஒரு பத்து மயிலுக்கு. கேழற்பத்து என்றால் பன்றி பற்றியது என்று நான் சொன்னதும், கேரட் தோட்டத்தில் இரவுக் காவல் இருந்து வந்திருந்த ஒருவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று மாலை பத்துப் பாட்டையும் அவர்தான் படித்தார்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஒரு மாணவிக்குக் குறுந்தொகையில் எத்தனை பாட்டு, தொகுத்தவர் யார் என்பதெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. ஒரு பாட்டைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்று அவரே சொன்னார். அந்தத் தகவல்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவர் வாழ்க்கைக்கு அவை வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு நேரம் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னேன். வினா விடைக்குப் படித்த கையோடு பாட்டைத் திறந்தால் மனம் அதிலும் வினாவைத்தான் தேடும்.

5. நோட்டில் கையால் எழுதுங்கள்

வாரக் கடைசியில், அந்த வாரம் படித்தவற்றில் எது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததோ அதை நோட்டில் எழுதுங்கள். சிறந்தது எது என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். எது வந்து நின்றது என்று மட்டும் கேளுங்கள்.

கையால் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து மறுபடியும் பார்க்க நேர்கிறது. நான்கு முறை படித்தும் கண்ணில் படாத ஓர் ஏகாரம் எழுதும்போது படும். படம் எடுத்துக் கைபேசியில் சேமித்தால் அது நிகழாது. ஆயிரம் படங்களுக்கு நடுவே அது புதைந்துபோகும்.

பக்கத்தின் அடியில் நாளும், அன்று வெளியே எப்படி இருந்தது என்பதும் ஒரு வரி. மூடுபனி, மின்வெட்டு, கொழுந்து எடுப்புக்கு விடுமுறை, எதுவானாலும் சரி. பிறகு எப்போது புரட்டினாலும் அந்த நாளோடு கவிதை திரும்பி வரும். கவிதைக்கு விளக்கமோ கருத்தோ எழுத வேண்டாம். விளக்கம் அடுத்த ஆண்டு மாறிவிடும்.

இப்படிச் சேரும் நோட்டு நீங்களே தொகுத்த தொகை. அச்சிட்ட நூலைத் தொலைத்தால் மறுபடியும் வாங்கலாம். இதை வாங்க முடியாது, பத்திரமாக வையுங்கள்.

6. பழக்குங்கள்

மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே பள்ளிக்கூடப் பிரம்பு நினைவுக்கு வருபவர்கள் உண்டு. நான் சொல்வது வேறு. நோட்டில் இருக்கும் பாட்டை நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிப் பாருங்கள். தடைப்படும் இடத்தில் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கடிப் பாட்டு ஒரு வாரத்தில் தங்கிவிடும்.

நடந்துகொண்டே சொல்லும்போது ஏற்றத்தில் சொல்லாதீர்கள், மூச்சு வாங்கும். சமதளத்திலோ இறக்கத்திலோ அடியும் சீரும் ஒத்துப்போகும்.

7. பருவத்தோடு சேர்த்துப் படியுங்கள்

இது கட்டாயம் இல்லை. ஆனால் மலையில் இருப்பவர் இதை விட்டால் பெரிய இன்பம் ஒன்றை விடுகிறார். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை. சிறுபொழுது நள்ளிரவு. எங்கள் ஊரில் மழை ஓட்டில் அடிக்கும் மாதமும், உதகைப் பக்கம் புல்லில் உறைபனி படியும் மாதமும் அவைதாம். குறிஞ்சிப் பாடல்களை அந்த மாதங்களில் இரவு உணவுக்குப் பின் எடுங்கள். மின்சாரம் போன இரவாக இருந்தால் இன்னும் நல்லது. நெய்தல் பாட்டைக் கோடை விடுமுறையில் கீழே கடற்கரை ஊருக்குப் போகும்போது கொண்டுபோங்கள்.

8. துன்பம் வந்தால்

இதுவரை செய்தது எல்லாம் இதற்கான விறகு. துன்ப நாளில் இதுவரை படிக்காத கவிதையைத் தேடாதீர்கள். மனம் அலைபாயும்போது புதிய சொற்களை ஏற்கும் இடம் அதில் இருக்காது. நோட்டைத் திறந்து முன்பே பழகியதைப் படியுங்கள், வாய்விட்டு. குரல் வராவிட்டால் உதடு மட்டும் அசைந்தால் போதும்.

உங்கள் துன்பத்தையே பேசும் கவிதையைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இறப்பு நடந்த வீட்டில் இரங்கல் பாட்டைத் தேடி எடுத்துப் படித்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் பச்சையாக இருக்கும்போது அதன்மேலேயே கை வைக்க வேண்டாம். முதல் வாரங்களில் பூவோ மழையோ குரங்கோ வரும் பாட்டு போதும். மூச்சு சீராவதே அப்போதைய ஆறுதல். எங்கள் குழுவில் கணவரை இழந்த ஓர் அக்கா நாற்பது நாளும் குரக்குப்பத்தையே படித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் நேராகவே பார்க்கத் தோன்றும். அப்போது புறநானூற்றின் 194ஆம் பாட்டுக்குப் போங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று வெளிப்படையாகச் சொல்லும் பாட்டு அது. கோபத்தை மறைக்காமல் சொன்ன பிறகே, இந்த உலகம் கொடியது, இதன் இயல்பை அறிந்தவர்கள் இனியவற்றைக் காணுங்கள் என்கிறது. கோபத்தை ஏற்றுக்கொண்ட பிறகு வருவதால்தான் அந்த ஆறுதலை என்னால் நம்ப முடிகிறது. வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கு 243ஆம் பாட்டு. கோல் ஊன்றி, இருமலுக்கு இடையே பேசும் ஒரு முதியவர், இளமையில் மருத மரக் கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியதை நினைத்துப் பார்க்கிறார். அதைப் படித்த பிறகு என் அப்பாவிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டியும் கேட்க எனக்குக் கேள்விகள் இருந்தன.

தூக்கமே வராமல் பல வாரங்கள் போனாலோ, வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ மருத்துவரிடம் போங்கள். கவிதை அப்போதும் கூட இருக்கும்; மருந்தின் வேலையை அது செய்யாது.

9. இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

துன்பத்தில் இருப்பவருக்குக் கவிதையை அனுப்பி "படித்துப் பாருங்கள், மனம் லேசாகும்" என்று எழுதாதீர்கள். அது அறிவுரையாகிவிடும், படித்துப் பதில் சொல்ல வேண்டிய கடனும் சேரும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, நீங்கள் படியுங்கள். ஒரு பாட்டு. பிறகு பேசாமல் இருங்கள். முதியவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இதுவே வழி. என் அம்மா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு இப்படித்தான் ஆறு மாதம் படித்தோம்.

10. நூலை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

மலையில் இதையும் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டு மழைக்காலம் பார்த்த நூல் பூசணம் பிடித்து, அட்டை வளைந்து, திறந்தாலே தும்மல் வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் நூலை வைக்காதீர்கள். குளிர்ந்த சுவரில்தான் ஈரம் படியும். சுவருக்கும் நூலுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். இறுக்கி அடுக்காமல் காற்றுப் போக இடம் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூடிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் கேடு அதிகமாகும். பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

ஈரம் ஏறிய நூலை வெயிலில் விரித்தால் தாள் மஞ்சளாகி முறுகும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பக்கங்களை விசிறி போல விரித்து நிறுத்திவையுங்கள். நோட்டுக்கு நீரில் கரையும் மை வேண்டாம். பந்துமுனைப் பேனாவே போதும். என் முதல் நோட்டின் பன்னிரண்டு பக்கங்கள் ஒரு கார்த்திகையில் நீல நீலமாகக் கரைந்துபோயின. அவற்றில் ஒன்பதை மனத்திலிருந்து திரும்ப எழுதினேன். மூன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.